பானட்டில் விழுந்த கோடுகள்

என் பிரியமான செல்வினுக்கு,

கடிதம் எழுதிப் பழக்கமில்லாத ஆள் நான். கடைக்கு போர்டு எழுதும்போதுகூட வாசகத்தை நீதான் சொன்னாய். ஆனாலும் இதை எழுதித்தான் ஆகவேண்டும். மனசுக்குள் எத்தனையோ தடவை உன்னிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். வரிசையாக வரமாட்டேன் என்கிறது.

முதலில் கடைச் சமாச்சாரம். கார் கழுவுகிற நம் கொட்டகை அதே இடத்தில், பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் போகிற ரோட்டோரத்தில்தான் இருக்கிறது. மேற்குப் பக்கம் தகரம் பெயர்ந்துகொண்டிருந்ததே, அதை மாற்றிவிட்டேன். போர் தண்ணீர் இன்னும் உப்புதான். கழுவின கையோடு துடைக்காவிட்டால் வண்டி முழுக்க வெள்ளைப் புள்ளி விழுந்துவிடுகிறது.

நீ போன பிறகு மூன்று மாதம் வெறும் கழுவல் வேலை மட்டும்தான் பார்த்தேன். க்ளே போட வேண்டும், அதாவது களிமண் மாதிரியான அந்தக் கட்டியால் பெயிண்ட்டில் ஒட்டின அழுக்கை எடுக்க வேண்டும் என்று யாராவது வந்தால் ஆள் இல்லை என்று அனுப்பிவிடுவேன். ஆள் இல்லை என்பது உண்மைதானே. அப்புறம் ஒரு நாள் காலையில் உன் மனைவி ஜெபா டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். "அண்ணே, வீட்ல செவத்தப் பாத்துக்கிட்டு எத்தன நாளைக்கி இருக்க? அவிய பாத்த வேலைய நான் பாக்கேன்" என்றாள். நான் யோசித்தேன். அவள் யோசிக்கவில்லை. பக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கோபித்துக்கொள்ளாதே, அவளுக்கு உன்னைவிட நல்ல கை. கழுவி முடித்த வண்டி கண்ணுக்குப் பளிச்சென்று இருந்தாலும் உள்ளங்கையால் தடவினால் நறநறக்குமே. ரோட்டுத் தூசி, மரத்துப் பிசின், சிமெண்ட் எல்லாம் பெயிண்ட்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டு சோப்புக்கு அசையாமல் உட்கார்ந்திருக்கும். அதை நீ கண்ணை மூடிக்கொண்டு தடவிக் கண்டுபிடிப்பாய். அவள் பழக்கடைக் கவர் ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு தடவுகிறாள். கவருக்குள் கை இருந்தால் கடுகளவு புள்ளிகூட மிளகளவு தெரிகிறது. சோப்புத் தண்ணீரைத் தாராளமாக அடித்து, க்ளேயைத் தட்டையாகத் தட்டி, அழுத்தாமல் நேராக இழுக்கிறாள். முதலில் பிடித்துப் பிடித்து இழுபடும். அழுக்கெல்லாம் க்ளேயில் ஏறினதும் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். அழுக்கு ஏறின பக்கத்தை உள்ளே மடித்துப் பிசைந்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போகிறாள். ஒரு இடத்தையும் விடுவதில்லை. கதவுப் பிடிக்கு அடியில்கூட.

பார், வேலையைப் பற்றியே பேசிக்கொண்டு போகிறேன். சொல்ல வந்தது இது இல்லை.

போன மாதம் என் மாமனாரின் கறுப்பு வண்டி திரும்பவும் நம் கொட்டகைக்கு வந்தது. அந்த வண்டியின் கதை உனக்குத் தெரியும். மற்றவர்களும் இதைக் கேட்கப் போகிறார்கள் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

என் மாமனார் ஏரலில் வாழைத்தார் வியாபாரம் செய்கிறவர். நான் மில் வேலையை விட்டுவிட்டு உன்னோடு சேர்ந்து வண்டி கழுவ வந்ததில் அவருக்கு ஏகப்பட்ட வருத்தம். போன வருஷம் பங்குனியில் அவர் வீட்டு கேட்டுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தபோது, காற்றில் பறந்த வெள்ளிப் பெயிண்ட் புது வண்டி முழுக்கப் பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டது. முதல்முறையாக என்னை நம்பி ஒரு வேலை கொடுத்தார். பானட்டை நானே பார்க்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன். நீ கதவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஈரக் கையிலிருந்து க்ளே நழுவி சிமெண்ட் தரையில் விழுந்தது. கீழே விழுந்த க்ளேயில் மண் ஏறிவிடும், அதைத் திரும்ப வண்டியில் வைக்கக்கூடாது என்பது நமக்குத் தொழிலின் முதல் நாளே தெரியும். வேறு கட்டி கைவசம் இல்லை. வாங்க ஜங்ஷன் வரை போகவேண்டும். மூன்று மணிக்கு மாமனார் வருவதாகச் சொல்லியிருந்தார். நீ மறுபக்கம் குனிந்திருந்தாய். நான் அதை எடுத்து, இரண்டு தடவை மடித்துப் பிசைந்து, திரும்பவும் போட்டேன்.

துடைத்துவிட்டு வண்டியை வெயிலுக்குத் தள்ளினபோதுதான் தெரிந்தது. பானட்டின் வலது பாதி முழுக்கக் கோடு கோடாக. பாலீஷ் மெஷின் அன்றைக்கு ரிப்பேருக்குப் போயிருந்தது. நான் உன்னிடம் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மாமனார் வந்து நின்றார். யார் பார்த்த வேலை இது என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். திறந்தபடியே நின்றேன். நீதான் முன்னால் வந்தாய். "என் கைதான் அண்ணாச்சி. மன்னிச்சிக்கிடுங்க" என்றாய்.

காலையிலிருந்து சோப்பும் வெயிலும் பட்டு உன் கண் சிவந்திருந்தது. உன்னுடைய பழைய கதை பாளையங்கோட்டையில் தெரியாத ஆள் இல்லை. "குடிச்சிட்டு வேல பாத்தியோ" என்று கேட்டார் அவர். நீ குடியை விட்டு அப்போது நாலு வருஷம் ஆகியிருந்தது. நீ பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "ஒனக்கு மாமனாரு வேணும்லே. எனக்கு அவரு கஸ்டமருதான" என்றாய். ஜெபா காதுக்குப் போனால் என்றேன். "வீட்ல நான் சொல்லிக்கிடுதேன்" என்றாய். அதை நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. என் மனைவி கோமதி அவள் அப்பா சொன்னதைக் கேட்டுவிட்டு, அக்கறையில் ஜெபாவிடம் போய்ச் சொன்னது எனக்குத் தெரியும். உங்கள் வேதக்கோயிலிலும் பேச்சு வந்தது தெரியும். நீ வீட்டில் சொல்லியிருப்பாய், அது போதும் என்று இருந்துவிட்டேன். ஏழு மாதம் கழித்து ஐப்பசியில், ஒரு நாள் விடிந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆட்டோ வருவதற்குள் போய்விட்டாய்.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன். மாமனார் வீட்டுப் பக்கம் பாலம் வேலை நடக்கிறது. சிமெண்ட் தூசி படிந்து, தூறலில் இறுகி, வண்டி தொட்டால் சொரசொரவென்று இருந்தது. பக்கத்தில் வாளியோடு நின்ற ஜெபாவை அவருக்குத் தெரியாது. உன் அடக்கத்துக்கு அவர் வரவில்லை. வண்டிச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, "செத்துப்போனவனப் பேசக்கூடாது மாப்ள. ஆனா குடிச்சிட்டு அவன் போட்ட கோடு இன்னும் அப்படியே கெடக்கு. அதையும் பாத்துவிடும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறப் போனார்.

அப்போதும் நான் பேசவில்லை செல்வின். இதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஜெபா வண்டியைக் கழுவினாள். கூரை, கதவு எல்லாம் க்ளே போட்டு முடித்தாள். பானட்டுக்கு வந்ததும் அந்தக் கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, கோமதிக்கா சொன்னதும் நானும் நம்பிட்டேன். அன்னைக்கி சாயங்காலம் அவிய வந்த ஒடன வாயத் தொறக்கச் சொல்லி மோந்து பாத்தேன். அப்புறம் தெனமும் பாத்தேன். ஒரு நாளும் வாட இல்ல. என்னத்தையோ மென்னுட்டு வாராவன்னு நெனச்சேன்."

செல்வின் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"சொல்லல. வாயத் தொறந்து காட்டிட்டு கை கழுவப் போவாவ."

நீ ஏன் சொல்லவில்லை? ஜெபாவும் கோமதியும் ஒட்டிக்கொண்ட சிநேகிதிகள், சொன்னால் ஏரல் வரை போய்விடும் என்றா? அல்லது, சொல்ல வேண்டியவன் நான், நானே வந்து சொல்வேன் என்று காத்திருந்தாயா? ஏழு மாதமும் நாம் ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டோம். ஒரு தடவைகூட என்னை நீ குத்திக்காட்டவில்லையே.

அங்கேயே சொல்லிவிட்டேன். க்ளே கீழே விழுந்தது, எடுத்தது, போட்டது, நீ முன்னால் வந்து நின்றது, எல்லாம். ஜெபா கையிலிருந்த கட்டியை வாளி விளிம்பில் வைத்தாள். "ஏழு மாசம்ணே" என்றாள். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிட்டாள்.

மிச்ச பானட்டை நான் முடித்தேன். மெஷினை வைத்துப் பாலீஷ் போட்டேன். கோடுகள் எல்லாம் மறைந்தன, ஒன்றைத் தவிர. அது ஆழம். இன்னும் தேய்த்தால் மேல்பூச்சு போய்விடும். விட்டுவிட்டேன். வீட்டுக்குப் போய்க் கோமதியிடம் சொன்னேன். அவள் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலையில் வண்டியை ஏரலுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். மாமனார் பானட்டைத் தடவிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை அந்த ஒற்றைக் கோட்டுக்கு வந்து நின்றது.

"அன்னைக்கே சொல்லியிருந்தா ஒம்ம நான் என்ன செஞ்சிருப்பேன் மாப்ள? நாலு வார்த்த வஞ்சிருப்பேன். அவ்வளவுதான?"

அந்த நாலு வார்த்தைக்குப் பயந்துதான் உன்னை முன்னால் நிற்கவிட்டேன்.

பிறகு, நேற்று அங்கே வாளியை வைத்துக்கொண்டு நின்ற பெண் யார் என்று கேட்டார். சொன்னேன். அப்படியே வண்டியில் சாய்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, வண்டியைத் திருப்பச் சொன்னார். வழியில் ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம் எதுவும் அவர் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை.

உன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உட்காரவில்லை. "தாயி, ஒம் புருசன் மேல இல்லாத பழியப் போட்டுட்டேன்" என்றார். ஜெபா அவரைப் பார்த்தாள். "நானுந்தான் போட்டேன் அண்ணாச்சி" என்று சொல்லி நாற்காலியை எடுத்துப் போட்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

உன் மகள் ரூத் கதவோரம் நின்றிருந்தாள். பிளஸ் டூ படிக்கிறாள், உன் உயரம் வந்துவிட்டது. நேராக என்னிடம்தான் கேட்டாள்: "மாமா, எங்கப்பா அன்னைக்கி குடிக்கல. அப்படித்தான?"

ஆமாம், குடிக்கவில்லை என்றேன். அந்த நாலு வருஷத்திலும், அதற்கப்புறமும் ஒரு சொட்டு இல்லை என்றேன்.

"அப்ப கோயில்ல பேசினவங்ககிட்ட யாரு சொல்லுவா?"

எட்டு நாள் ஜெபா கடைக்கு வரவில்லை. ஒன்பதாம் நாள் வந்து, எந்த வண்டி முதலில் என்று கேட்டாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அண்ணே என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்தவில்லை. அது போதுமா, கூடுதலா என்று எனக்குத் தெரியவில்லை. பேச்சு குறைவு, வேலை நடக்கிறது.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உன் முதல் வருஷ நினைவு ஜெபம். போதகரிடம் கேட்டிருக்கிறேன். நீ கூப்பிட்டபோதெல்லாம் வாசலோடு நின்றுகொண்ட நான், அன்றைக்கு உள்ளே வந்து இந்தக் கடிதத்தை முழுதாக வாசிக்கப் போகிறேன். கோமதி வருகிறாள். மாமனாரும் வருகிறேன் என்றிருக்கிறார். ரூத் முதல் பெஞ்சில் இருப்பாள். அவளைப் பார்த்துத்தான் வாசிப்பேன்.

வாசித்து முடித்ததும் போய் உட்கார்ந்துவிடமாட்டேன். உன்னைப் பற்றிப் பேசினவர்கள், கேட்டவர்கள் யாருக்காவது என்னிடம் கேட்க ஏதாவது இருந்தால் கேட்கட்டும். கடைசி ஆள் வெளியே போகிறவரை அங்கேயே நிற்பேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

ஜெபா என்னை அண்ணன் என்று அழைக்கிற உரிமையில்,
உன் மச்சான்
இசக்கிமுத்து