'சாயங்கால வண்டி'யின் கடைசிப் பத்து நிமிடம்

ஜூலை 1, செவ்வாய்

விளாங்குடியிலிருந்து கப்பலூர் கம்பெனிக்குப் போய்ச் சேர்வதற்குள் சட்டையைப் பிழிந்து காயப்போடலாம் போல ஆகிவிட்டது. ஆனியா சித்திரையா என்று தெரியவில்லை. இன்று ஆயிரம் ரப்பர் வாஷராவது கேஜில் வைத்து அளவு பார்த்திருப்பேன். ஒன்றிலும் மனம் இல்லை. காரணம், காலையில் விஸ்வேஸ்வரன் சார் போன் செய்தார்.

எங்கள் திரைப்பட வட்டத்துக்குப் பத்தாம் ஆண்டு. மலர் போடுகிறார்கள். தலைப்பு: 'காவியம் என்று சொல்லப்பட்டவை'. ஆளுக்கு ஒரு பழைய படத்தை எடுத்துக் கிழிக்க வேண்டும். "அழகுபாண்டி, நீங்க 'சாயங்கால வண்டி'ய எடுத்துக்குங்க" என்றார். ஆறு வருடமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்து மற்றவர்கள் பேசுவதற்குத் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். அவருக்கு என் பெயர் தெரியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். கல்லூரிப் பேராசிரியர், சினிமா விமர்சனத்தில் இரண்டு புத்தகம் போட்டவர். யோசிக்கவே இல்லை, சரி என்றுவிட்டேன்.

அந்தப் படம் எனக்குப் பிடிக்குமே என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

ஜூலை 3, வியாழன்

சாரின் புத்தகத்தில் அந்தப் படத்துக்கு ஒன்றரைப் பக்கம். 'கடைசிப் பத்து நிமிடம் நாயகி வைக்கும் ஒப்பாரி, மிகை நடிப்பின் உச்சம்' என்கிறார். படிக்கப் படிக்க, இந்தப் படத்தையா இத்தனை நாள் தலையில் வைத்து ஆடினோம் என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. கோமதி என்று ஒருத்தி, பெற்ற மகனைத் தன்னை 'அக்கா' என்று கூப்பிட வைத்து வளர்க்கிறாள். வளர்ந்தவன் விஷயம் தெரியாமலே சாயங்கால ரயிலில் ஊரை விட்டுப் போகிறான். கல்யாணமாகி இரண்டாவது வாரம் நானும் செல்வியும் போய்ப் பார்த்தோம். பழைய படங்களைக் காலைக் காட்சி மட்டும் ஓட்டுகிற தியேட்டர். கடைசியில் அந்தத் தேம்பல் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சார் சொல்வது சரிதான். ஒப்பாரிதான்.

அப்படியானால் அன்றைக்கு எனக்கு ஏன் கண் கலங்கியது? இருபத்தைந்து வயசு. விவரம் பத்தாது. அப்படி வைத்துக்கொள்வோம்.

ஜூலை 6, ஞாயிறு

படம் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. யூடியூபில் மூன்று பாட்டு மட்டும் கிடக்கிறது. பார்க்காமல் எழுதலாமா? பார்த்ததுதானே! இருபத்திரண்டு வருடம் ஆனால் என்ன, பார்த்தது பார்த்ததுதான்.

சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டேன். 'அந்த ஒப்பாரி என் இளமையை ஏமாற்றியது' என்று ஒரு வரி வந்து விழுந்தது. சாருக்கு அனுப்பிய அரை மணி நேரத்தில் பதில்: 'இதுதான் விமர்சனம். 27ஆம் தேதி விழாவில் நீங்களே வாசியுங்கள்.' கால் தரையில் பாவவில்லை. மாடிக்கும் கீழுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

செல்விக்கு மாறுதல் வந்துவிட்டது. பதினாலு வருடமாக இங்கேயே நடந்து போகிற தூரத்துப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். இனிமேல் கீழக்குயில்குடிப் பக்கம். அடுப்படியில் நின்று அழுதாள். பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி, யாருக்கு முட்டை ஆகாது, எந்தப் பிள்ளை இரண்டாம் தடவை சோறு கேட்க வெட்கப்படும் என்றெல்லாம் சொல்லி அழுதாள்.

நான் கட்டுரையில் சந்திப்பிழை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி சரி, படம் காட்டாத" என்றேன்.

எல்லா வீட்டிலும் புழங்குகிற வார்த்தைதான். சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்டு குழம்பைக் கிளற ஆரம்பித்தாள். நானும் பிழை பார்க்கத் திரும்பிவிட்டேன்.

ஜூலை 9, புதன்

பக்கத்து மெஷின் சின்னச்சாமியிடம் சாப்பாட்டு நேரத்தில் கட்டுரையைக் காட்டினேன். பாராட்டுவான் என்று நினைத்தேன், புத்தி!

"மாப்ள, நீ படத்தப் பாத்து எழுதுனியா, படத்தப் பத்தி எழுதுனதப் பாத்து எழுதுனியா?"

"ஒனக்கு சினிமாவப் பத்தி என்னடா தெரியும்?"

"எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. பிடிச்சிருந்துச்சு, பாத்தேன். ஒனக்கும் பிடிச்சிருக்குன்னுதான இம்புட்டு நாளா சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச?"

பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டேன். சாயங்காலம் வரை அவனோடு பேச்சில்லை. அவன் பாட்டுக்கு அந்தப் படத்துப் பாட்டையே முணுமுணுத்துக்கொண்டு இருந்தான், கடங்காரன்.

ஜூலை 11, வெள்ளி

மலர் அச்சுக்குப் போய்விட்டது. நாற்பத்தேழு வயதில் முதல் தடவையாக என் பெயர் அச்சில் வரப்போகிறது. செல்வியிடம் கட்டுரையைப் படிக்கக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

"ஒப்பாரின்னு எழுதியிருக்கீக. யாரு வச்சா?"

"கோமதிதான். கடைசியில."

"அவ எங்க அழுதா? ரயிலு போனதும் வீட்டுக்கு வருவா. பழக்கத்துல ரெண்டு தட்ட எடுத்து வப்பா. ஒண்ணத் திருப்பி அடுக்குல வச்சுட்டுத் தனியா உக்காந்து சாப்புடுவா. படம் முடிஞ்சிரும். அவ அழவே மாட்டா. அழுதது நாமதேன். தியேட்டரே அழுதுச்சு. எனக்கு முந்தி நீங்க அழுதீக."

"ஒனக்கு மறந்துபோச்சு" என்றேன்.

கட்டுரையை மடித்து என் கையில் கொடுத்தாள். "அப்ப, அன்னைக்கு நீங்க அழுததும் படம் காட்டுனதா?"

பதிலுக்கு நிற்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஜூலை 12, சனி

தட்டு. ஆமாம், தட்டு ஞாபகம் வருகிறது. அல்லது அவள் சொன்னதால் வருகிறதா? ஐயோ, எது நான் பார்த்தது, எது அடுத்தவர் சொன்னது என்று பிரிக்க முடியவில்லையே.

ஜூலை 14, திங்கள்

பொறுக்க முடியாமல் சாருக்கே போன் போட்டேன்.

"சார், கடைசியில கோமதி அழுவாளா?"

"அழாம? நான்தான் எழுதியிருக்கேனே."

"நீங்க எப்பப் பாத்தீங்க சார்?"

"சின்ன வயசுல. அம்மா கூட்டிட்டுப் போனாங்க. எனக்கு ஆறு வயசிருக்கும். அம்மா அழுத அழுகைல நான் தூங்கவே இல்ல. பழைய பத்திரிகை விமர்சனத்துலகூட ஒப்பாரின்னுதான் இருக்கு, அழகுபாண்டி. எதுக்குக் குழப்பிக்கிறீங்க? கோயம்புத்தூர்லருந்து ஒருத்தர் நல்ல பிரதி கொண்டுவரார். உங்க வாசிப்பு முடிஞ்சதும் கடைசி அரை மணி நேரத்தப் போடப்போறோம்."

ஆக, அவர் தன் அம்மாவை விமர்சனம் செய்திருக்கிறார். நான் என் பெண்டாட்டியை. போதாதற்கு என்னையும். சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் 27ஆம் தேதி ஞாபகம் வந்தது. அறுபது பேர் முன்னால் ஒப்பாரி ஒப்பாரி என்று வாசித்துவிட்டு, அங்கேயே படத்தையும் பார்க்கப்போகிறேன்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. விடியாத நேரத்திலிருந்து ஒலிபெருக்கி. செல்விக்குப் பழைய பள்ளியில் இன்று கடைசி நாள். பிள்ளைகள் சேர்ந்து ஒரு எவர்சில்வர் டம்ளரில் பெயர் வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். "நல்லாருக்குல்ல?" என்று காட்டினாள். கண் வறண்டிருந்தது.

அப்புறம் மாடியில் தன் தங்கச்சியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். துணி எடுக்கப் போனேன். அழுதுகொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "என்ன வேணும்?" என்றாள். அவ்வளவு மரியாதையாக.

பத்து நாளாக இப்படித்தான். நான் வந்தால் துடைத்துக்கொள்கிறாள். இருபத்திரண்டு வருடத்தில் இவள் என்னிடம் மறைத்தது எதுவும் இல்லை. இப்போது மறைக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூலை 23, புதன்

மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நாலு தடவை அடுப்படி வாசல் வரை போனேன். நாலு தடவையும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

ஜூலை 26, சனி

"நாளைக்கி விழாவுக்கு வாரியா?"

"எனக்கு வேல கெடக்கு. நீங்க போங்க."

ஜூலை 27, ஞாயிறு

காளவாசல் மாடி ஹால். நாற்காலி எல்லாம் நிறைந்துவிட்டது. மலரைக் கையில் கொடுத்தார்கள். பதினேழாம் பக்கம், என் பெயர். எத்தனை ஆசைப்பட்டேன் இதற்கு. தொட்டுப் பார்க்கக் கூசியது.

அந்த ஒப்பாரி வரியை விட்டுவிட்டு வாசிப்போம் என்று நினைத்துத்தான் மேடை ஏறினேன். முன்வரிசையில் சார் மலரை விரித்து வைத்து வரி வரியாகக் கூடவே படித்துக்கொண்டிருந்தார். தைரியம் வரவில்லை. எல்லாவற்றையும் வாசித்தேன். 'ஒப்பாரி' என்ற இடத்தில் கைதட்டினார்கள். எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல். இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது.

விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார்கள்.

ரயில் போகிறது. கோமதி வீட்டுக்கு வருகிறாள். கதவைத் திறக்கிறாள். அடுக்கிலிருந்து இரண்டு தட்டு எடுக்கிறாள். கொஞ்சம் நிற்கிறாள். ஒன்றைத் திருப்பி வைக்கிறாள். சாப்பிடுகிறாள். பின்னணி இசைகூட இல்லை. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. முடிந்தது.

ஹாலில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அப்புறம் இன்னொருவர். அதேதான். இருபத்திரண்டு வருடமாக என் காதில் இருந்த சத்தம் அதுவேதான், ஆட்கள்தான் வேறு.

விளக்கு வந்ததும் சார் மைக்கைப் பிடித்தார். "பாத்தீங்களா? நம்மளத் திட்டம் போட்டு அழ வைக்கிறாங்க. அழுகாமலே வைக்கிற ஒப்பாரி இது. அழகுபாண்டி சரியாத்தான் சொல்லியிருக்கார்."

கண்ணால் பார்த்த பிறகுமா? எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை.

"இல்ல சார். நான் தப்பாச் சொல்லியிருக்கேன். அவ அழல. நாமதேன் அழுதோம். நான் படத்தப் பாக்காம உங்க புத்தகத்தப் பாத்து எழுதிட்டேன். எனக்கு இந்தப் படம் பிடிக்கும். அன்னைக்கும் பிடிச்சுச்சு, இன்னைக்கும் பிடிக்குது. என் வீட்டுக்காரி படிச்சதுமே சொன்னா, நான் கேக்கல."

யாரும் கைதட்டவில்லை. ஒருவர் இருமினார். சார், "அது உங்க ரசனை" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். என் நாற்காலிக்குப் போகாமல் நேராகப் படி இறங்கிவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் இரண்டு வண்டியை விட்டுவிட்டு மூன்றாவதில்தான் ஏறினேன்.

வீட்டுக்கு வந்ததும் செல்வியிடம், "அவ அழல" என்றேன்.

"நாந்தேன் சொன்னேன்ல" என்றாள். மாவு சலிப்பதை நிறுத்தவில்லை.

"அன்னைக்கி ஒன்னய அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்புத்தான்."

இன்னொரு கை மாவை அள்ளிச் சல்லடையில் போட்டாள்.

ஜூலை 29, செவ்வாய்

சின்னச்சாமிக்கு மலரைக் கொடுத்தேன். என் பக்கத்தில் நான் பேனாவால் பெருக்கல் குறி போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "ரிஜெக்டா மாப்ள?" என்றான். ஆமாம் என்றேன். தன் டப்பாவிலிருந்து ஒரு ஆம்லெட்டை எடுத்து என் சோற்றில் வைத்தான். வட்டத்திலிருந்து போன் எதுவும் இல்லை. வராது என்றுதான் நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வது?

ஆகஸ்ட் 1, வெள்ளி

இன்றும் செல்வி குளித்து முகம் கழுவி, சிரித்த முகமாகத்தான் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கேட்டால், "ஒண்ணுமில்ல, புது எடம், பழகிரும்."

ஆகஸ்ட் 6, புதன்

செல்வி வரும்போதே ஆறரை ஆகிவிட்டது. பையை இறக்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் பழைய பள்ளி மூன்றாம் வகுப்புப் பிள்ளை முத்துமீனா இவளைப் பார்த்துவிட்டு ஓடி வந்து, "டீச்சர், நான் இப்ப ரெண்டாம் சோறு கேக்குறதில்ல" என்று சொன்னதாம்.

அதைச் சொல்லும்போதே உடைந்துவிட்டாள். எனக்கு எதிரே, தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு. அந்தப் பிள்ளை எவ்வளவு சாப்பிடும் என்று சொன்னாள், அதன் அம்மா எத்தனை மணிக்கு வேலையிலிருந்து வருவாள் என்று சொன்னாள், புதுப் பள்ளியில் ஒருத்தரும் தன்னோடு பேசுவதில்லை என்று சொன்னாள். முகத்தைத் துடைக்கவே இல்லை. நான் டிவியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் இருக்கும்.

கடைசியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நீங்க எதுக்கு இப்ப இம்புட்டு அழுறீக?" என்று கேட்டுவிட்டு, முந்தானையை என் பக்கம் நீட்டினாள்.