சின்னக் கோடு

ஜூலை 9
வாஹித் காணாமல் போய் ஐந்து நாள். மழையும் விடவில்லை. அவன் பார்த்த கம்ப்யூட்டர் வேலை என் கைக்கு வந்துவிட்டது. தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறைகளில், கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கிறவன் என்னைத் தவிர எவன் இருக்கிறான்? எட்டாவதோடு நின்றவன் என்று யாராவது சொல்வார்களா! கம்ப்யூட்டரைப் போட்டால் வாஹித் பெயரில்தான் திறக்கிறது. su rauf என்று அடித்தேன் — ஆளை மாற்றி என் பெயரில் உள்ளே போகிற கட்டளை. ஒரு நொடி. நான் ஆகிவிட்டேன்.

ஜூலை 10
பைக்குள் வைக்க அதில் அச்சடிக்கிற சீட்டில் எல்லாம் ‘சரிபார்த்தவர்: அப்துல் வாஹித்’ என்று வருகிறது. whoami அடித்தேன் — நான் யார் என்று கேட்பது. rauf என்றது. மறுபடி சீட்டு எடுத்தேன். வாஹித்.

வீட்டில் தைக்கப் பை வார் எடுத்துப்போக வந்த வாஹித் பெண்டாட்டி பேகம் பார்த்துவிட்டாள்.
“காக்கா, இது அவுஹ பேருல்லா?”
எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. “ஆமா தங்கச்சி. எங்கேயோ இருந்து நெட்ல வந்து வேலை பாக்கான். ஏற்பாடே நாந்தான்.”

ஜூலை 11
நாற்பது சீட்டு. நாற்பதிலும் அவன்.

ஜூலை 12
சாக்கடையில் ஒரு உடல் கிடைத்ததாம். பேகம் ஆஸ்பத்திரிக்கு வந்து அடையாளம் பார்க்க வேண்டும் என்று போலீஸ் சொல்லியிருக்கிறது. பதினாலாம் தேதிக்குள் யாரும் வராவிட்டால், பெயரில்லாமல் அடக்கிவிடுவார்கள். அவள் சிரித்தாளாம். “அவுஹ நேத்துகூட சீட்டுப் போட்டாஹ. நான் எதுக்கு எவன் மய்யித்தையோ பாக்கணும்?”

யா அல்லா, என்ன காரியம் பண்ணினேன்!

ஜூலை 13
சீட்டில் ஏன் அவன் பெயரே வருகிறது என்று அக்கா மகள் சஃப்ரீனிடம் போனில் கேட்டேன். அவளுக்குக் கம்ப்யூட்டர்தான் உத்தியோகம். “மாமா, வெறும் su போட்டா ஆள்தான் மாறும். முன்னாடி இருந்தவரு எழுதிவச்ச பேரு அப்படியே கூட வரும். நடுவுல ஒரு கோடு போடுங்க, su - rauf. எல்லாம் உதறிட்டுப் புதுசா உள்ள போவீங்க.”

பேகத்தைக் கூட்டிவந்தேன். கோடு போட்டேன். சீட்டில் என் பெயர் வந்தது.
“பொய் சொல்லிட்டேன் தங்கச்சி. அவன் இதுல இல்ல.”
“நீங்க எப்பவும் அளக்கற ஆளு. இப்பவும் அளக்கீங்க. கோட்டைப் போட்டு அவுஹள அழிச்சிட்டீங்க.”
நெட் ஒயரைப் பிடுங்கினேன். கோடு இல்லாமல் திறந்துவிட்டு, பொத்தானை அவளையே அழுத்தச் சொன்னேன். சீட்டு வந்தது. அப்துல் வாஹித்.

அவள் சீட்டைப் பார்க்கவில்லை. தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜூலை 14
ஆஸ்பத்திரியில் துணியை விலக்கினார்கள். பேகம் தலையசைத்தாள்.
பதிவேட்டில் எழுதுகிறவன் இறந்தவன் பெயரைக் கேட்டான். சொன்னாள். “கூட வந்தது?” என்றான்.
என் பெயரைச் சொன்னேன். வேறொன்றும் சேர்க்கவில்லை.