மோட்டார் இறங்கிய கிணறு

கரட்டுப்புதூர்,
தாது வருஷம் பங்குனி 23

கண்ணு ஈஸ்வரமூர்த்திக்கு அம்மா செல்லாத்தாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் உங்கய்யனும் ஆடு மாடுகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அந்தக் கண்டி மலைக்குளிரில் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்பதுதான் தினமும் எங்கள் பேச்சு, இதைக் கண்டவுடன் ரெண்டு வரியாவது எழுதிப் போடு. எப்போதும் உங்கய்யன் எழுதி நான் கடைசியில் நாலு வார்த்தை சேர்ப்பது வழக்கம். இந்தத் தடவை காகிதத்தை என் முன்னால் வைத்து, “நீயே எழுதிப்போடு, எனக்குக் கை வரமாட்டேங்குது” என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிறார். மாடெல்லாம் அப்போதே குடித்தாயிற்று. மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது, எழுத்து கோணல் மாணலாகத்தான் இருக்கும், நிதானமாகப் படி. முழுவதும் படிக்காமல் கோபப்படாதே.

தை மாசம் மோட்டார் இறக்கியதைப் பற்றி உங்கய்யன் நாலு பக்கம் பெருமை எழுதியிருப்பார். தேயிலை ஆலை எஞ்சினைப் பார்த்துப் பார்த்து நீ படம் போட்டு அனுப்பினாயே, அந்தப் படத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு கோயமுத்தூருக்கு மூன்று நடை நடந்தார். நீ அனுப்பிய பணம் போதவில்லை என்று, கிணற்றில் கவலை ஏற்றம் இழுத்துத் தண்ணீர் இறைக்கும் மயிலைக் காளை ஜோடியைப் பொள்ளாச்சிச் சந்தையில் விற்றோம். காளைகள் ஏறி இறங்கும் நம் பக்கத்துக் கவலை மேட்டை இடித்துக் குழாய் இறக்கினோம். கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் கல்மேடை கட்டி அதில் மோட்டாரை உட்காரவைத்து, மேலே சுவிட்சுக்குப் பூட்டோடு ஒரு சின்னச் சாளை போட்டு, கரண்டுக் கம்பி வந்து சேர்ந்த அன்றைக்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சுவிட்சைப் போட்டார். தண்ணீர் வந்த வேகத்தில் வாய்க்கால் கரை அடித்துக்கொண்டு போயிற்று. முட்டை வாங்க வரும் உம்மல் குல்சும்கூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள். முதல் தடவை நான் போட்டபோது சீலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு போட்டேன், உங்கய்யன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கலியாணமான நாளாக அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த வேகத்தில் கோயமுத்தூர்ச் சர்க்கார் பண்ணையில் கொடுத்த புதுக் கரும்புக் கரணையை வாங்கி ரெண்டு ஏக்கரில் நட்டும்விட்டார். தண்ணீருக்குத்தான் பஞ்சமில்லையே என்றார்.

கிணறு நமக்கு மட்டும் சொந்தமில்லை என்பது உனக்குத் தெரிந்ததுதான். உன் தாத்தா காலத்தில் பாகம் பிரித்தபோது நமக்கு ஐந்து ஏக்கர், உன் சித்தப்பாவுக்கு ஐந்து ஏக்கர், கிணறு மட்டும் பொது. ரெண்டு நாள் நம் முறை, ரெண்டு நாள் அவர்கள் முறை. உன் சித்தப்பா போன பிறகும் நஞ்சம்மாள், அதுதான் உன் சின்னம்மா, ஒரு முறை தவறாமல் தன் காளைகளை வைத்துக் கவலை இறைத்துத்தான் பருத்தி எடுத்து மகள் ராசாத்தாளை வளர்த்தாள். இந்த வருஷம் அவள் போட்டிருந்த கம்போடியாப் பருத்தி நம்முடையதைவிட நன்றாக இருந்தது, சித்திரையில் ராசாத்தாளுக்குக் கலியாணம் முடிக்க அதைத்தான் நம்பியிருந்தாள். மோட்டார் வந்து பத்து நாள் ஆகவில்லை, அவள் முறை வருகிற விடியற்காலையில் கிணற்றில் தண்ணீர் இல்லை. தோல் பறியில் பத்துத் தடவை இறைப்பதற்குள் சேறு வருகிறது. செடி தலை சாய்த்து, காயெல்லாம் பிஞ்சிலேயே உதிர்ந்தது. மாசி வெயிலுக்கு ஊற்று அடைபட்டுப்போயிற்று என்று உங்கய்யன் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. சின்னம்மாவும் அதையே நம்பி, நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டிவந்து காட்டினாள். அவரும் கையை விரித்துவிட்டார்.

அப்புறம் மாசி நடுவில் ஒரு நாள் காற்றடித்து எங்கேயோ கம்பி அறுந்துபோய் ரெண்டு நாள் கரண்டு இல்லை. அது நம் முறை. மேட்டைத்தான் இடித்தாயிற்றே, இருக்கிற உழவு மாட்டுக்குக் கவலையும் பழக்கமில்லை, ஒரு சொட்டு இறைக்க வழியில்லாமல் உங்கய்யன் முறுக்கிக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் சின்னம்மா முறை. விடிந்து பார்த்தால் கிணற்றில் மூன்றாள் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. உச்சி வரைக்கும் அவள் காளைகள் இறைத்தன, மறுநாளும் இறைத்தன. அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று அழுதுகொண்டே கோயிலுக்குப் போய் மாவிளக்கு எடுத்துவிட்டு, முதல் பங்கை எனக்குத்தான் கொண்டுவந்தாள். “நீங்களும் வேண்டிக்கிட்டீங்கன்னு எனக்குத் தெரியுமுங்கக்கா” என்று கையில் வைத்தாள். நான் வேண்டிக்கொள்ளவில்லை கண்ணு. மாவு வாய்க்குள் இருக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. காளை இறைத்தால் உச்சியில் களைத்து நிற்கும், மிச்சத் தண்ணீர் அடுத்தவருக்குக் கிடக்கும். மோட்டாருக்குக் களைப்பு ஏது? நம் ரெண்டு நாளில் நாலு நாள் ஊற்றையும் சேர்த்து அடியோடு உறிஞ்சிவிட்டுத்தான் நிறுத்துகிறோம். சந்தேகம் தீர, அடுத்த நம் முறையில் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்தேன். காலையில் மூன்றாள், பொழுது சாய முழங்கால்கூட இல்லை.

அந்த வாரத்தில்தான் உன் காகிதம் வந்தது. ஐந்து ஏக்கரை நம்பி வேலையை விட்டு வர முடியாது, சின்னம்மா தோட்டமும் சேர்ந்து பத்தேக்கரும் ஒரே பண்ணையமாக இருந்தால் நாளைக்கே கப்பல் ஏறுவேன், மோட்டாரை வைத்துப் பொன் விளைவிப்பேன் என்று எழுதியிருந்தாய். அதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. ஆறு வருஷமாக உன் முகத்தைப் பார்க்கவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தேன். நம் முறை முடிந்து சின்னம்மாவின் காளைகள் வெறும் பறியை இழுக்கிற சத்தம் கேட்கும், நான் அடுப்படியில் இருந்துகொண்டு காது கேளாதவள் போல இருப்பேன். எட்டு நாள் அப்படி இருந்தேன். எட்டாம் நாள் சின்னம்மா வந்தாள். உங்கய்யனிடம் நேராகப் பேசுகிற வழக்கம் அவளுக்கு இல்லையே, கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம் சொல்கிற மாதிரி அவருக்குச் சொன்னாள். “அம்மன் ஒருதரம் கண் தொறந்து வழியனுப்பிப்போட்டாளுங்க. காங்கேயத்துல எங்கண்ணன் ஊட்டுக்கே போயிர்றேனுங்க. பங்காளி இருக்கறப்ப வெளியாளுக்கு விக்கறது மொறையில்லைங்க, மாமாவே தோட்டத்தை எடுத்துக்கச் சொல்லுங்கக்கா” என்றாள். உங்கய்யன் முகத்தில் வந்த வெளிச்சத்தை மறைக்கத் துண்டால் துடைத்துக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமை பத்திரம் எழுதுவது என்று ஆயிற்று.

அவள் படியிறங்கிப் போனதும் உங்கய்யனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துண்டை உதறித் தோளில் போட்டார். அப்புறம், “அவ முறையில நாம ஒரு சொட்டு எடுக்கலையே அம்மிணி, நம்ம நாள்ல நாம எறச்சோம், இதுல என்ன தப்பு” என்றார். சட்டப்படி அவர் சொன்னதுதான் சரி, ஊரைக் கூட்டினாலும் அதைத்தான் சொல்வார்கள். “நாளைத்தானுங்க நமக்குப் பிரிச்சுக் குடுத்தாங்க, தண்ணி ரெண்டு பேருதுங்க” என்றேன். “உன் பையன் வருவான்னுதானே நானும் பாக்கறேன்” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. அடுத்தவள் தோட்டத்தைக் காயவைத்துத்தான் என் பிள்ளை வரவேண்டுமா என்று கத்திவிட்டேன். எட்டு நாள் அதற்குத்தான் நான் வாய் மூடி இருந்தேன் என்பது கத்தும்போதே எனக்கு உறைத்தது.

மறுநாள் காலையில் தனியாகப் போனேன். சின்னம்மா வாசலில் காய்ந்த பருத்திக்காயைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கரண்டு நின்றது, தண்ணீர் நின்றது, கல்லைக் கட்டி அளந்தது எல்லாம் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “எப்பத் தெரியுமுங்கக்கா?” என்று கேட்டாள். எட்டு ஒன்பது நாளாக என்றேன். மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள் போல. “அப்ப மாவிளக்கு வாங்கித் தின்னப்பவே தெரியுமுங்களா?” என்றாள். தெரியும் என்றேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இருபத்தி ரெண்டு வருஷத்தில் எனக்கு அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை. மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை, கோயிலில் எதிரே வந்தவள் சுற்றிக்கொண்டு போனாள்.

அந்த மூன்று நாளும் உங்கய்யன் சுவிட்சைத் தொடவில்லை. கிணற்றோரம் உட்கார்ந்து கயிறும் கல்லுமாக அளந்துகொண்டே இருந்தார். ரெண்டு நாளில் ஒன்றரையாள் ஊறுகிறது என்று கண்டுபிடித்து, அதற்குத் தக்கபடி கிணற்றுச் சுவரில் சுண்ணாம்பால் கோடு போட்டார். யார் முறையானாலும் தண்ணீர் அந்தக் கோட்டுக்கு வந்ததும் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். சின்னம்மா தோட்டத்துக்கும் நம் மோட்டாரே இறைக்கும், அவள் ஒன்றும் தரவேண்டாம் என்று என்னிடம் சொல்லி அனுப்பினார். அதைக் கேட்டுத்தான் அவள் வாயைத் திறந்தாள். “உங்க தண்ணி எனக்கு வேண்டாமுங்க, என் தண்ணி எனக்கு இருந்தாப் போதுமுங்க. என் முறைக் கரண்டுக்கு நான் குடுத்துப்போடறேன். மோட்டார் சாளைச் சாவி எங்கிட்டத்தான் இருக்கோணும்” என்றாள். இப்போது நம் முறைக்கும் உங்கய்யன் என்னை அனுப்பித்தான் சாவி வாங்குகிறார். முதல் நாள் மீசை துடித்தது, இப்போது பழகிவிட்டது. கோட்டுத் தண்ணீர் கரும்புக்குப் போதவில்லை, ஒரு ஏக்கரைக் காயவிட்டுவிட்டோம். பண்ணையிலிருந்து வந்தவர் கோட்டைப் பார்த்துவிட்டு, மோட்டார் வைத்த இன்னும் ரெண்டு ஊரில் இதே தகராறு நடக்கிறது, அங்கேயும் சொல்கிறேன் என்று எழுதிக்கொண்டு போனார். பத்திரப் பேச்சு நின்றுபோயிற்று. சின்னம்மாவின் பருத்தியில் பாதி தப்பிவிட்டது, கலியாணத்தை ஆவணிக்குத் தள்ளியிருக்கிறாள். என்னோடு பேசுகிறாள். பழைய பேச்சு இல்லை, வரும் என்றுதான் நினைக்கிறேன்.

சின்னம்மாவுக்குத் தனியாக ஒரு காகிதம் போடு, மறந்துவிடாதே. மோட்டார் யோசனை உன்னுடையது, அவள் தோட்டத்தின் மேல் கண் வைத்ததும் நாம் மூன்று பேரும்தான், நான் சொல்லிவிட்டேன், நீயும் ஒரு வார்த்தை சொல். வெள்ளைப் பசு கிடாரிக்கன்று போட்டிருக்கிறது. உங்கய்யனுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு தடவிக்கொள், பச்சைத்தண்ணீர் குடிக்காதே, எஞ்சின் பக்கத்தில் வேட்டி நுனியைத் தொங்கவிடாதே. எல்லாத் தெய்வமும் உனக்குத் துணை இருக்கட்டும், நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இரு.

இன்னும் ஒன்று. பத்தேக்கர் இருந்தால் வருவேன் என்றாயே கண்ணு, அந்தப் பத்தேக்கரை இல்லாமல் செய்தவள் நான்தான், என்னைத்தான் கோபித்துக்கொள், உங்கய்யனை ஒன்றும் சொல்லாதே. செய்ததற்கு வருத்தம் இல்லை, ஆனால் இந்த நாலு வரியை எழுத எனக்கு ஒரு பகல் ஆயிற்று. வா என்று கூப்பிட இனி என் கையில் நிலம் ஒன்றும் இல்லை. நாங்கள் ரெண்டு பேர் இருக்கிறோம். அதற்காக வருகிறதானால் வா.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா
செல்லாத்தாள்