நீ அடித்த நீலம்

என் ராசா குமாருக்கு,

அம்மா சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உன்னிடம் எதற்குப் பொய்? முட்டி வீங்கிக் கிடக்கிறது. காலையில் உப்புக் கூடையைத் தூக்கினால் மத்தியானம் வரைக்கும் கழுத்து தாங்குவதில்லை. ராத்திரி படுத்தாலும் அசதி என்னோடு சேர்ந்தே எழுந்துகொள்கிறது. இருந்தாலும் உன் சைக்கிளைப் பற்றி ஒரு சேதி. நான் சொல்லாவிட்டால் உனக்கு வேறு யார் சொல்லுவார்கள்?

மாட்டுக்கொட்டகை விட்டத்தில் நீ கட்டித் தொங்கவிட்டாயே, அந்தக் குட்டை பி.எம்.எக்ஸ் சைக்கிள்தான். குயிலாப்பாளையத்தில் நீ வெல்டிங் கற்றுக்கொண்டிருந்தபோது, தன் தேசத்துக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் உன்னிடம் விட்டுப்போனது. அப்போதே அது பழசு. படகுக்கு அடித்து மிச்சமான நீலப் பெயின்டை வாங்கிவந்து நீயே அடித்தாய். உப்பளத்து வரப்பில் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாத்திக்குள் தலைகுப்புற விழுந்தாயே, கங்காணி என்ன சொன்னார்? "ஏம்பா, உப்பு வாரச் சொன்னா நீயே ஊறுகாயா ஊறிக்கினு கிடக்கிற?" அளமே சிரித்தது. நானும்தான்.

மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு அதை யாரும் கீழே இறக்கவில்லை. பால் கறக்கும்போது ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பேன். அவ்வளவுதான்.

உன் மகள் கயல் இந்த வருஷம் ஐந்தாவது முடித்துவிட்டாள். நம் ஊர்ப் பள்ளிக்கூடம் அதோடு முடிகிறது. நானும் அந்த வாசலோடு நின்றவள்தானே. ஆறாவது படிக்க மரக்காணம் போகவேண்டும். உப்பளத்தைச் சுற்றிப் போகிற மண் ரோட்டில் பஸ் ஏது? உன்னைப் பின்னால் உட்காரவைத்து மிதிக்க உன் அப்பா இருந்தார். இவளை உட்காரவைத்து யார் மிதிப்பது?

"ஒரு வருஷம் வூட்லயே இருக்கட்டும் அத்தை. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றாள் உன் பெண்டாட்டி அமுதா. அடுத்த வருஷம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். என் அப்பாவும் என்னிடம் அதைத்தான் சொன்னார்.

கயல் அழவில்லை. கொட்டகைக்குள் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தாள். "ஆயா, மேல தொங்குதே, அது என் ஒசரந்தானே?"

அன்றைக்கே அமுதா அதை இறக்கினாள். செயின் ஒரே துருக்கட்டி. முருங்கை மரத்தடியில் சாக்கை விரித்து எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு, செயினை மண்ணெண்ணெயில் ஊறவைத்தாள். அளத்து வேலை முடிந்து வந்து, கை கால் கழுவின ஈரத்தோடு அதில் உட்காருவாள். உன் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவள்தானே, எது எங்கே போகும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. டயருக்குக் கூனிமேட்டு பாய் கடைக்குப் போனோம். "இது சர்க்கஸ் வண்டிமா" என்று சிரித்தாரே தவிர, எங்கெங்கோ சொல்லிவைத்து வரவழைத்துக் கொடுத்துவிட்டார்.

பக்கத்து வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? "புருசன் இல்லாத பொம்பளைக்கு சைக்கிள் ரிப்பேர் கேக்குதாக்கும்?" அமுதா தலையைக்கூடத் தூக்கவில்லை. "ஆமாக்கா, உங்க வூட்டு வண்டியையும் கொண்டாங்க. சேர்த்தே பிரிச்சுப் போடறேன்."

அந்த வண்டியில் என்ன இருந்தது? மட்கார்டு இல்லை, ஸ்டாண்டு இல்லை, கேரியர் இல்லை. பாவாடை கட்டின பிள்ளை எப்படி ஏறுவாள்? வேறொரு ஓட்டை சைக்கிளின் மட்கார்டை வெட்டிக் குறுக்கினாள். எண்ணெய் டின்னைத் தட்டி நிமிர்த்திச் செயின் கவர் செய்தாள். புத்தகப் பைக்கட்டு வைக்கக் கேரியர் ஒன்று பற்றவைத்து வாங்கிவந்தாள். அந்த வெள்ளைக்காரர் வந்து பார்த்தால் இது என்ன மாட்டுவண்டியா என்று கேட்பார்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "சீட்டுக்குக் கீழ, உள்ளங்கை அளவு, அவன் அடிச்ச நீலத்தை வுட்டுடும்மா." அமுதா அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "சரி அத்தை" என்றாள். மற்ற இடமெல்லாம் உப்புத்தாளால் தேய்த்து, கிணற்றுத் தண்ணீரை இறைத்து இறைத்துக் கழுவி, காயவைத்துப் பச்சைப் பெயின்ட் அடித்தாள். பச்சைக்கு நடுவில் உன் நீலம். பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது எனக்கு.

பள்ளிக்கூடம் திறக்கப்போகிற சமயத்தில் பெயின்ட் பொரித்த அப்பளம் மாதிரி கொப்பளித்தது. நகத்தால் தட்டினால் உள்ளே சிவப்பு. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

அமுதாவின் தம்பி முருகன், கடல் எட்டாத பெருமுக்கல்லிலிருந்து வந்திருந்தான். சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தவன் முற்றத்திலேயே துப்பினான். "அத்தை, கருவாடு கழுவின தண்ணியா இது?"

போன மார்கழியில் கடல் ஊருக்குள் வந்துபோனது உனக்குத் தெரியாதில்லையா? அளத்துப் பாத்தியெல்லாம் சேறு. கிணறும் கரித்தது. பலமுறை இறைத்து ஊற்றிவிட்டுக் குடிக்க ஆரம்பித்தோம், பழகிவிட்டது. நல்ல தண்ணீர் ஆகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டோம். உப்பிலேயே பிழைக்கிறவர்கள், உப்பைக் கரைத்து இரும்பைக் கழுவியிருக்கிறோம். நாக்கு பொறுத்துக்கொண்டதை இரும்பு பொறுக்கவில்லை.

அமுதா சைக்கிளைப் பார்த்தாள், கிணற்றைப் பார்த்தாள். மறுபடி எல்லாவற்றையும் பிரித்தாள். முருகன் ஊருக்குப் போய் மொபெட்டின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடம் கட்டிக்கொண்டு பெருமுக்கல் தண்ணீரோடு வந்தான்.

அமுதா மறுபடி உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தாள். எல்லா இடமும் வெள்ளை இரும்பு ஆகிவிட்டது. உன் நீலத்தை மட்டும் தொடாமல் சுற்றிச் சுற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து பார்த்தேன். நீலத்தின் விளிம்பில் துரு ஊர்ந்துகொண்டிருந்தது. அதை அப்படியே விட்டால் மேலே எந்தப் பெயின்டும் நிற்காது. அது அமுதாவுக்கும் தெரியும். எனக்காக வாயைத் திறக்கவில்லை.

"இங்க குடும்மா" என்று தாளை வாங்கிக்கொண்டேன்.

நானே தேய்த்தேன் குமாரு. உன் நீலம் பொடிப்பொடியாக என் விரலில் வந்தது. கோபமா உனக்கு? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? முடிந்த பிறகு கை கழுவ அமுதா தண்ணீர் மொண்டாள். வேண்டாம், பெருமுக்கல் தண்ணீர் வீணாகும் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு வெகுநேரம் கையைக் கழுவவில்லை.

பெருமுக்கல் தண்ணீரில் கழுவி மறுபடி பச்சை அடித்த வண்டியில், பள்ளிக்கூடம் திறந்த அன்று கயல் பைக்கட்டைக் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பினாள். வரப்புத் திரும்பும் இடம் வரைக்கும் சமர்த்தாகத்தான் போனாள். அங்கே போய் எழுந்து நின்று மிதித்து, முன்சக்கரத்தைத் தூக்கினாளே! யார் சொல்லிக் கொடுத்தது? "ஏய் கயலு, பல்லு உடைஞ்சுடும்டி!" என்று அமுதா கத்தினாள். கத்திக்கொண்டே சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். அப்புறம் அளத்தின் வெள்ளை வெளிச்சத்தில் கண் கூசியது. பிள்ளை தெரியவில்லை. சைக்கிள் மணிச்சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

இப்போது ஆறாவது படிக்கிறாள் உன் மகள். என் வீட்டில் ஆறாவது வகுப்புப் புத்தகம் இருக்கிறது. இதை யாரிடம் சொல்லிப் பெருமைப்படுவது? அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

அசதிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் சாயங்காலம் அந்தச் சைக்கிள் வாசலுக்கு வந்ததும், பிடித்துவைத்த மழைத்தண்ணீரில் துணியை நனைத்து உப்புக்காற்றின் பிசுக்கைத் துடைத்துவிட்டுத்தான் நான் காலை நீட்டுவேன். என் கையில் துணியைப் பிடிக்கத் தெம்பு இருக்கிறவரை உன் வண்டியில் துரு ஏறாது. இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் மகள் வருகிற வரப்பைப் பார்த்தபடி,
உன்னைப் பெத்த அம்மா,
கயலோட ஆயா.