நடைமேடையில் ஒரு பெண்கரடி

மே 8, வியாழன்

நாளை கொடைக்கானல். இறால் உரிக்கும் கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் பனிக்கட்டிக்குள் கைவிட்டு நின்ற என் மனைவி கார்குழலி, மணமான நாள்முதல் கேட்டது ஒன்றே: மேகத்துக்குள் ஒருமுறை நடக்க வேண்டும். ஐந்து முறை நாள் குறித்தேன். ஐந்து முறையும் சங்கக் கூட்ட மேடை என்னைப் பேச இழுத்துக்கொண்டது.

மகள் மகிமா தன் கைபேசியில் பழைய அசைவூட்டக் குறும்படம் ஒன்றைக் காட்டினாள். சுற்றுலா கிளம்பும் கரடி வழியெல்லாம் இடறி, ஏரியில் விழுந்து, தேனீக்கு அஞ்சி ஓடி, தொடர்வண்டியைத் தவறவிடுகிறது.

"நைனா, அந்தக் கரடி நீதான்!"

கார்குழலி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். "தோ பாருய்யா, இந்தத் தபாவும் நீ கவுத்தின்னு வையி, அப்பால நா கேக்கவே மாட்டேன்."

சொல் தந்திருக்கிறேன். அது தவறாது.

மே 9, வெள்ளி

எழுதக் கை கூசுகிறது.

மூவரும் மூன்று சக்கரத் தானியில், தொடர்வண்டி பிடிக்க எழும்பூருக்குக் கிளம்பினோம். டோல்கேட் முனையில், தள்ளிப்போன மே நாள் பொதுக்கூட்டம். பேச வேண்டியவர் வரவில்லை. தோழர் வெள்ளத்துரை வண்டியை மறித்தார். "அண்ணே, ஜனம் எய்ந்து போய்க்கினு கீது. பத்தே நிமிசம்ணே!"

கார்குழலி என் சட்டையைப் பிடித்தாள். நானோ ஒலிவாங்கியைப் பார்த்துவிட்டேன்.

"உழைப்பவனுக்கு ஓய்வு பிச்சையன்று, உரிமை!" என்று முழங்கினேன். தொண்டை வறண்டதும் வழக்கம்போல் கை நீட்டினேன் — எந்தக் கூட்டத்திலும் முன்வரிசையிலிருந்து சுக்குத் தண்ணீர்க் குடுவையை நீட்டுபவள் அங்கில்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

ஒன்றேகால் மணி நேரம். இறங்கினேன். தானி இல்லை.

"அண்ணி சொல்லிட்டுதான் போச்சுண்ணே. 'அவரு பேசட்டும், நாங்க கெளம்புறோம்'னு" என்றார் வெள்ளத்துரை.

இன்னா செஞ்சிட்டேன் நானு?

மே 10

எத்தனை முறை அழைத்தும் கார்குழலி கைபேசியை எடுக்கவில்லை.

மே 12, திங்கள்

மகிமா ஒரு படம் அனுப்பினாள். மேகத்தில் கார்குழலியின் முகம் மறைந்திருக்கிறது. வெடித்த கைகள் மட்டும் நீண்டிருக்கின்றன.

கரடிப் படத்தை மீண்டும் பார்த்தேன். முன்பு கண்ணில் படாத ஒன்று: கரடி விழும்போதெல்லாம், தொலைவில், நடைமேடையில், பெட்டிமேல் அமர்ந்து ஒரு பெண்கரடி காத்திருக்கிறது. சிரித்த நாங்கள் யாருமே அதைப் பார்க்கவில்லை. நானுமா? காக்கவைத்த நான்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

மே 15, வியாழன்

திரும்பிவிட்டார்கள். சண்டையில்லை, வசையில்லை. மீன்குழம்பு வைத்தாள். "அடுத்த மாதம் நாம் இருவர் மட்டும் போவோமா?" என்றேன்.

"அதான் பாத்துட்டேனேய்யா. சோறு ஆறுது, துன்னு."

ஜூன் 1, ஞாயிறு

காசிமேட்டில் கூட்டம். கார்குழலி எதுவும் கேட்கவில்லை. எப்போது வருவாய் என்றுகூட. வாசலில் குடுவையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

முன்வரிசையில் அவள் எப்போதும் அமரும் நாற்காலி, காலியாக. அதன்மேல் நானே வைத்த குடுவை. பேசினேன். கைதட்டினார்கள்.