பிழையில்லாத செய்தி

வியாழக்கிழமை, இரவு. சிலிபின்.

சாயங்காலம் தம்பி சுப்பையாவின் போனிலிருந்து ஒரு செய்தி வந்தது. "அக்கா, நான் நலமாக இருக்கிறேன். பழம் எதுவும் வாங்கி வர வேண்டாம்." ஓர் எழுத்துகூடத் தப்பில்லை.

அது அவன் எழுதியதில்லை. பத்து காஜா டவுன் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு நேற்றுகூட, "அக்கா பலம் வாங்கிடு வா" என்றுதான் எழுதினான். "பலம் எந்தக் கடையில விக்குதுலா?" என்று குடும்பக் குழுவில் எல்லாரும் சிரித்தார்கள். திருத்தினால், "புரிஞ்சிச்சுலா, பிறகென்ன?" என்பான்.

அவன் மகன் குமாரைப் போனில் கூப்பிட்டேன்.

"அப்பா தூங்குறாரு அத்தை. காலையில கார் எடுத்துக்கிட்டு நானே வாரேன். நீங்க சாப்பிட்டுப் படுங்க."

தனியாக இருக்கும் கிழவிக்கு இரவில் சாவைச் சொல்லக்கூடாது. அது எங்கள் வழக்கம். என் வீட்டுக்காரர் போன அன்று மாமியாரிடம் நானும் இதையேதான் சொன்னேன். தூங்குறாரு, சாப்பிட்டுப் படுங்க. மாமியார் நம்பிச் சாப்பிட்டார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

நானும் இப்போது சாப்பிட்டுவிட்டேன். குமார் பாவம், அப்பனைப் போலப் பிழை விடத் தெரியவில்லை. காலையில் அவன் சொல்லும்போது, அப்போதுதான் தெரிந்ததுபோல் அழவேண்டும்.