துன் ஏரியில் மூழ்கிய பறக்கும் படகு

என்ரை அண்ணைக்கு,

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுவாரம் படகை ஏரியிலிருந்து தூக்கிவிட்டார்கள். அந்தப் பழைய பிரெஞ்சுப் பந்தயப் பறக்கும் படகைத்தான் சொல்கிறேன். நூறு வருடத்துக்கு முன் தண்ணீரிலிருந்து எழும்பிப் பறந்து பந்தயம் போனதாம். இங்கே சுவிஸில், துன் ஏரிக்கரைப் பட்டறையில் இரண்டு வருடம் அதன் மர உடலைத் தேய்த்துத் தேய்த்து வார்னிஷ் பூசியது நீங்கள்.

உள்ளே இறங்கும்போதெல்லாம் சப்பாத்தைக் கழற்றிவிடுவீர்கள். கும்பிட்டுத் தொடங்கிய வேலையைச் சப்பாத்துக் காலால் மிதிக்க மனம் வராது உங்களுக்கு. பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். அந்த வெறுங்கால்தான் பிழையைக் கண்டுபிடித்தது.

"சீற்றுக்குக் கீழ பலகை மெத்தெண்டு கிடக்கு, பிள்ளை. உள்ளுக்க உக்கிப்போச்சு. மாத்தாமல் தண்ணியில விட்டால் தாழும். செஃப்பிட்டச் சொல்லு."

உங்களுக்கு டொச், அதுதான் ஜெர்மன், வராது. மொழிபெயர்க்க வந்தவள் நான். நான் அந்த செஃப்பிடம், உங்கள் முதலாளியிடம், என்ன சொன்னேன் தெரியுமா? "எல்லாம் நல்லாயிருக்கு எண்டு அண்ணை சொல்லுறார்." முதலாளியின் வேலையில் பிழை சொன்னால் உங்கள் வேலை போகும், வேலை போனால் விசா புதுப்பிக்க மாட்டார்கள் என்று பயந்தேன். நமக்கேன் வம்பு என்று நினைத்தேன். அவர் தலையாட்டினார். நீங்கள் நிம்மதியாக வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டீர்கள்.

படகு முதல் நாளே கரையோரத்தில் தாழ்ந்தது. வார்னிஷ் சரியில்லை என்று சொல்லி உங்களை நிறுத்தினார்கள். மாரடைப்பு வரும்வரை நீங்கள் ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்: "சொன்னனான்தானே. அந்த மனுசன் கேக்கேல்லையே." நான் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். எப்படி இருந்தேன், அண்ணை?

இப்போது உக்கிய பலகையைக் கண்டிருக்கிறார்கள். நீங்கள் சொன்ன அதே இடம். நேற்று முதலாளி எனக்கு போன் எடுத்தார். "அந்த மரத்தோடேயே கிடந்தவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?" என்று கேட்டார்.

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அவர் கெட்டவர் என்று இத்தனை நாள் நீங்கள் திட்டியதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். இனி நீங்கள் தெரிந்தும் சொல்லாதவர் என்று அவர் நினைப்பதையும் கேட்டுக்கொண்டிருக்கவா?

வெள்ளிக்கிழமை பட்டறையில் எல்லோரும் கூடுகிறார்கள். போவேன். அண்ணை சொன்னார், நான்தான் மறைத்தேன் என்று அத்தனை பேர் முன்னாலும் டொச்சில் சொல்வேன். அவர்கள் என்னை மன்னித்தாலும் மன்னிப்பார்கள். உங்களிடம் நான் கேட்கமாட்டேன்.

உங்களுக்கு வாயாக வந்து வாயை மூடிக்கொண்ட தங்கச்சி,
வதனி